யானைக்கு முன்னே மூழ்கிய மணி

அப்பனுக்கே பாடம் சொன்ன பிள்ளையின் ஊர் எங்கள் சுவாமிமலை. பெரியவர்களால் ஆகாததைச் சின்னவன் முடித்தான் என்றால் இங்கே யாரும் வாயைப் பிளப்பதில்லை. ஆனால் கடலில் மூழ்கி, அதனாலேயே காரியத்தை முடித்த ஒரு சின்னவனும் இருக்கிறான். அவன் பெயர் ஓரெசுண்ட். டென்மார்க் நாட்டு மரக்கப்பல், பாய்மரம் கட்டியது.

கதை கோபன்ஹேகனில் ஒரு தரகரிடம் தொடங்குகிறது. மார்செலிஸ் போஷோவர் என்ற டச்சுக்காரர், கண்டி மன்னர் செனரத்தின் தூதர் என்று சொல்லிக்கொண்டு நான்காம் கிறிஸ்டியன் மன்னரிடம் வந்தார். எங்கள் ராஜாதான் இலங்கை முழுவதற்கும் சக்கரவர்த்தி, போர்த்துகீசியர் தொல்லை தாங்கவில்லை, நீங்கள் படையோடு வந்தால் வியாபாரம் உங்களுக்கு. கல்யாணத் தரகர்கள் பெண் வீட்டுச் சொத்தைச் சொல்வார்களே, அந்தச் சுருதி. மன்னருக்கு ஏலக்காய் வாசனையே வந்துவிட்டது போலிருக்கிறது; ஒப்பந்தம் போட்டுக் கப்பல்களை அனுப்பினார்.

தளபதி ஓவ் கெட்டே. 24 வயது நிறையவில்லை. அவர் ஏறிய தலைமைக் கப்பலின் பெயர் 'யானை'. சத்தியமாக அதுதான் பெயர். யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பது டென்மார்க்கிலும் தெரிந்திருந்தது போலும். ரோலண்ட் கிராப்பே என்பவர் முன்னதாகவே ஓரெசுண்டில் வேவு பார்க்கப் புறப்பட்டுவிட்டார்.

1618 நவம்பரில் கிளம்பிய யானை 1620 மே மாதம் இலங்கை வந்து சேர்ந்தது. வழியில் ஆட்களில் பாதிக்கு மேல் செத்துப்போனார்கள். தரகரும் போய்விட்டார், பெண் வீட்டில் அறிமுகம் செய்து வைக்க ஆளில்லை. போய்ப் பார்த்தால் செனரத் எப்போதோ போர்த்துகீசியரோடு சமாதானம் செய்துகொண்டிருந்தார். அவர் இலங்கை முழுவதற்கும் ராஜாவும் இல்லை. கெட்டே திருகோணமலையில் கொஞ்ச நாள் டேரா போட்டுக் கையைப் பிசைந்தார்.

மணி என்ன ஆயிற்று? காரைக்காலுக்கு அப்பால் போர்த்துகீசியர் கண்ணில் பட்டது. அடித்து மூழ்கடித்துவிட்டார்கள். பெரும்பாலோர் செத்தார்கள் அல்லது பிடிபட்டார்கள். இரண்டு பேர் தலையைக் கடற்கரையில் கழுவேற்றி வைத்தார்கள், இனிமேல் வருகிறவர்களுக்கு அறிவிப்புப் பலகையாக. கிராப்பேயும் 13 பேரும் கரையேறினார்கள். கரையில் உள்ளூர்க்காரர்கள் பிடித்துத் தஞ்சாவூருக்குக் கொண்டுபோனார்கள்.

கரையேறியவர்களின் அதிர்ஷ்டம், அங்கே ஆண்டவர் ரகுநாத நாயக்கர். கவி, வீணைக்காரர், எங்கள் பக்கத்து ஊரான கும்பகோணத்தில் ராமசாமி கோயில் கட்டியவர். வீணைக்கு 24 மெட்டு என்று ஒழுங்கு செய்த பெருமையையும் அவருக்கே தருகிறார்கள். அவர் முன்னால் சரக்கில்லை, கப்பலில்லை, காலில் செருப்பாவது இருந்ததா என்பதும் சந்தேகம் என்ற நிலையில் கிராப்பே நின்று வியாபாரம் பேசினார்! கடையில்லாத ஆள் கொள்முதல் விலை கேட்பது போன்ற துணிச்சல் என்று நாயக்கர் நினைத்திருக்க வேண்டாமா? இல்லை, காது கொடுத்தார். நாகப்பட்டினத்தில் போர்த்துகீசியர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் அவர்களுக்குப் போட்டியாக இன்னொரு வெள்ளைக்காரன் இருந்தால் நாயக்கருக்கு என்ன நஷ்டம்?

செய்தி கிடைத்ததும் கெட்டே ஓடி வந்தார். 1620 நவம்பர் 20 அன்று ஒப்பந்தம்: தரங்கம்பாடி கிராமம், கல்வீடு கட்டிக்கொள்ள உரிமை, ஆண்டுக்கு 3,111 ரூபாய் வாடகை. நாயக்கர் டென்மார்க் மன்னருக்குத் தங்கத் தகட்டில் தமிழில் கடிதமும் எழுதிக் கொடுத்தார். எழுத்து தமிழ், கையெழுத்து தெலுங்கு. தஞ்சாவூர் அப்போது அப்படித்தான் இருந்தது. அந்தத் தகடு இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. அந்தக் கல்வீடுதான் டான்ஸ்போர்க் கோட்டை. கெட்டே ஊர் திரும்பினார். கிராப்பே இங்கேயே இருந்து நிர்வாகம் பார்த்தார். முழுகியவனுக்குத்தானே கரையின் அருமை தெரியும்.

யோசித்தால் இதில் போர்த்துகீசியர்களுக்குத்தான் டென்மார்க்காரர்கள் தரகுக்கூலி கொடுத்திருக்க வேண்டும். சும்மா விட்டிருந்தால் ஓரெசுண்ட் வேவு பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கும், கிராப்பே தஞ்சாவூரை எட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டார். மூழ்கடித்தவர்கள் 1658-இல் நாகப்பட்டினத்தை டச்சுக்காரர்களிடம் பறிகொடுத்தார்கள். மூழ்கியவர்களோ 1845 வரை தரங்கம்பாடியில் இருந்தார்கள். போகும்போது ஆங்கிலேயரிடம் ஊரை விற்றுக் காசாக்கிக்கொண்டு போனார்கள். வாடகைக்கு வந்தவர் வீட்டை விற்றுவிட்டுப் போவது கும்பகோணத்தில் நடந்திருந்தால் மூன்று தலைமுறைக்கு வக்கீல் பீஸ் கட்டியிருப்போம்.