ஓட்டை ஹெரால்டு

கேள்வி: தகப்பனார் விட்டுச்சென்ற 1963-ஆம் வருஷத்து ஸ்டாண்டர்டு ஹெரால்டில் தரை துருப்பிடித்துச் சாலை தெரிகிறது, எஞ்சினோ நீலப் புகை கக்குகிறது. முதலில் எதைப் பழுதுபார்ப்பது?

பதில்: எஞ்சின் நின்றால் தாங்கள் சாலையில் நிற்பீர்கள், தரைக்கடியில் வண்டியைத் தாங்கும் சேஸிஸ் இற்றால் சாலையில் கிடப்பீர்கள். எது சௌகரியம்?

நீலப் புகை என்பது எண்ணெய் எரிவதற்கான அத்தாட்சியாதலால், தேய்ந்துபோன பிஸ்டன் ரிங்குகளையோ வால்வு கைடுகளையோ மாற்றி, நாலு சிலிண்டர்களே கொண்ட அந்தச் சாதுவான யந்திரத்தைப் பழைய மெக்கானிக் ஒருவர் சாவகாசமாகச் சரிசெய்துவிடுவார். ஆனால் 1959-இல் இங்கிலாந்தில் டிரையம்ஃப் என்ற நாமத்துடன் அவதரித்து, 1961 முதல் நமது சென்னையிலேயே தயாரான இவ்வண்டி, தனிச் சேஸிஸின் மீது போல்ட்டுகளால் பூட்டப்பட்ட சரீரத்தை உடையதாகையால், மேல் தகடுகளை எளிதில் கழற்றி மாற்றலாமெனினும், அவற்றைத் தாங்கும் சேஸிஸின் பக்கக் கைகள் அரித்துப்போயிருந்தால், இற்ற பாகத்தை அறுத்தெறிந்து புதிய இரும்பை வெல்டிங் செய்வதைத் தவிர வேறு மார்க்கமில்லை. (முன்பக்க பானட் முழுவதும் வாய் பிளந்தாற்போல் திறப்பது எஞ்சின் வைத்தியத்துக்கு மகா உபகாரம்!)

துருவின்மேல் பட்டி தடவிப் பெயின்ட் அடித்துத் தருகிறேன் என்பவர் சொந்த மைத்துனரேயானாலும், சாவியை அவரிடம் கொடுக்காதீர்கள்.