கிள்ளான் பள்ளத்தாக்கில் ஸ்பானர் துருவேறும் இயல்: ஓர் ஆய்வு

இவ்வாய்வின் எல்லை மேற்கே கிள்ளான் துறைமுகம், கிழக்கே பிரிக்பீல்ட்ஸ். ஆய்வுப் பொருள், கார் போர்ச்சின் மூலையில் கிடக்கும் ஸ்பானர் பெட்டி.

துரு என்றதும் தில்லி இரும்புத் தூணைக் காட்டி முன்னோர் பெருமை பேசுவது அறிஞர் மரபு. சுமார் 1,600 ஆண்டுகளாக அது நிற்பது மெய்தான். இரும்பில் கலந்த பாஸ்பரஸ் மேலே ஒரு காப்புப் படலம் உருவாக உதவியது என்று கான்பூர் ஐஐடியின் ஆர். பாலசுப்பிரமணியம் விளக்கியிருக்கிறார். ஆயினும் தூணைக் கிள்ளானுக்குக் கொண்டுவந்து ஒரு மழைக்காலம் நிறுத்திப் பார்க்க இதுவரை எவரும் முன்வரவில்லை.

இரும்பு துருப்பிடிக்க மழையில் நனைய வேண்டியதில்லை. காற்றின் ஒப்பு ஈரப்பதம் 60 விழுக்காட்டைத் தாண்டினாலே கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் அதன்மேல் படிந்து வேலையைத் தொடங்கிவிடும். கோலாலம்பூரின் சராசரியோ 80ஐ ஒட்டியது. கிள்ளான்காரருக்குக் கடல் உப்பும் இலவசம். உப்பு காற்றின் ஈரத்தை இழுப்பதால் அங்கே 60 வரைக்கும்கூடத் துரு காத்திருப்பதில்லை.

மேலைநாட்டு நூல்கள் கதவைச் சாத்தச் சொல்கின்றன. எந்தக் கதவை? தாமான் வரிசை வீட்டில் கராஜ் என்பது ஒரு கூரையும் கிரில் கேட்டும். அங்கே டிஹியூமிடிஃபையர் ஓட்டுபவர் கிள்ளான் ஆற்றை உலர்த்த மின்கட்டணம் கட்டுகிறார். மாலை இடிமழையில் சொட்டச் சொட்ட வந்து நிற்கும் காரும் தன் பங்கைச் செலுத்துகிறது. மோட்டார் சைக்கிள் மழைக்கோட்டைக் காயப்போட ஸ்பானர் பெட்டியைவிடத் தோதான இடம் இல்லை என்பது எல்லா வீட்டிலும் ஒருமனதான முடிவு.

ஆயுத பூசை தனி இயலுக்கு உரியது. குறட்டுக்கும் சுத்தியலுக்கும் குழைத்த சந்தனம் வைக்கிறோம். பொட்டு உதிர்ந்தபின் அதே அளவில், அதே வட்டத்தில் துரு. வண்டிச் சக்கரத்தடியில் நசுங்கும் எலுமிச்சையின் சிட்ரிக் அமிலமோ துருவைக் கரைக்க வல்லது. ஒரே பூசையில் நோயும் உண்டு, மருந்தும் உண்டு. மருந்து மட்டும் டயருக்குப் போகிறது.

போர்ச்சைக் காயவைக்க முடியாது, பெட்டியைக் காயவைக்கலாம் என்பதே எம் துணிபு. ரப்பர் விளிம்புள்ள மூடி, கருவிகளைத் துடைத்துத் தடவிய தையல் மெஷின் எண்ணெய், உள்ளே சிலிக்கா ஜெல். தேங்காய் எண்ணெய் வேண்டாம். நாளடைவில் சிக்குப் பிடித்துவிடும்.

ஈரம் குடித்த நீலச் சிலிக்கா இளஞ்சிவப்பாகும். 120 பாகையில் சில மணி நேரம் சூடேற்றினால் மறுபடி நீலம். அந்த நீலத்தைத் தருவது கோபால்ட் குளோரைடு என்னும் நச்சு. ஆகவே கேக் சுடும் ஓவன் பக்கமே அது வரக்கூடாதென அடுப்பங்கரை நெறிமுறைக் குழு தீர்ப்பளித்துவிட்டது. மேல்முறையீடு கிடையாது. கோபால்ட் இல்லாத ஆரஞ்சு வகைக்கு நிதி கேட்டு, அதே குழுவிடம் விண்ணப்பித்திருக்கிறோம்.