கண்ணாடிக்குள் மருதம்

நிலமும் பொழுதும் முதற்பொருள் என்று வகுத்தது தொல்காப்பியம். மீன்தொட்டியில் உயிர்ச்செடி வளர்க்க விரும்புகிறவர் செடியைத் தேடிக் கடைக்குப் போகுமுன் இந்த இரண்டையும் எண்ணிப் பார்க்க வேண்டும். தொட்டிக்குள் நிலம் என்பது அடியில் பரப்பிய பொடிக்கல். பொழுது என்பது மேலே எரியும் விளக்கு. தேங்கிய நன்னீர், அதில் வேரூன்றிய செடி, செடிக்கிடையே மீன் என்று பார்த்தால் திணை மருதம்தான்.

சிக்கல் நிலத்தில் இருக்கிறது. களிமண் துகள் அம்மோனியம், பொட்டாசியம் போன்ற சத்துகளைத் தன் மேற்பரப்பில் பற்றி வைத்து, வேர் கேட்கும்போது விட்டுக்கொடுக்கும். பொடிக்கல்லுக்கு அந்தக் குணம் அநேகமாக இல்லை. தனக்குள்ளும் சத்து இல்லை, வந்த சத்தைப் பிடித்து வைக்கவும் தெரியாது. வேருக்குப் பிடிமானம் தருவதோடு அதன் வேலை முடிகிறது. சோறு வேறு இடத்திலிருந்து வர வேண்டும்.

எங்கிருந்து என்ற கேள்விக்கு லண்டன் வேதியியலாளர் ஒருவரின் சோதனை வழிகாட்டும். ராபர்ட் வாரிங்டன் 1849இல் பன்னிரண்டு கேலன் கொள்ளும் கண்ணாடிக் கலத்தில் இரண்டு தங்கமீன்களையும், நாடா போல் இலை நீளும் வாலிஸ்னேரியாச் செடியையும் வைத்தார். மீன் விடும் மூச்சு செடிக்கு, செடி விடும் மூச்சு மீனுக்கு என்பது கணக்கு. ஆனால் உதிர்ந்த இலைகள் அழுகித் தண்ணீர் கலங்கியது. குளத்து நத்தைகள் சிலவற்றைக் கொண்டுவந்து விட்டார். அவை அழுகலைத் தின்றன, நீர் தெளிந்தது. இதை 1850இல் வேதியியல் சங்கத்துக்கு அறிக்கையாகவே தந்தார். செடி, மீன், நத்தை மூன்றும் சேர்ந்தால்தான் தொட்டி நிற்கும் என்பது அவர் கண்ட முடிவு.

மீனின் கழிவும் நத்தையின் கழிவும் தின்னாத தீனியும் கல்லிடுக்கில் இறங்கிப் பழுப்பு நிறத்தில் படியும். அதுதான் வண்டல், செடிக்கு வேண்டிய சோறு. கோடையில் ஏரி வற்றியதும் வண்டியும் டிராக்டரும் கொண்டுபோய் வண்டல் அள்ளி வயலில் கொட்டும் ஊர் நம்முடையது. அதே ஊரில், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தொட்டியைக் கவிழ்த்து, கல்லைக் குழாயடியில் வெள்ளையாகக் கழுவி, வண்டலைச் சாக்கடையில் விடுகிறோம். முதல் ஓராண்டு நானும் அப்படித்தான் செய்தேன். செடி ஒவ்வொன்றாக மஞ்சளித்துச் செத்தது. கல்லின்மேல் குடியிருந்து அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாவும் குளோரின் தண்ணீரில் அழிந்தது.

ஆகவே செடி ஊன்றிய இடத்தில் உறிஞ்சுகுழாயை விடாதீர்கள். செடியில்லாத முன்பகுதியில் மட்டும் மேலோட்டமாக ஓட்டினால் போதும். எடுத்த நீரைத் துளசித் தொட்டியில் ஊற்றுங்கள். வண்டல் ஒரே இடத்தில் தடித்துக் காற்றின்றிப் புளிக்காமல் இருக்க, கல்லுக்குள் புதைந்து திரியும் கூம்பு நத்தை உதவும். நம் குளங்களிலேயே கிடைக்கும் இனம் அது. பகலில் கல்லுக்குள் உழும், இரவில் மேலே வரும்.

கல்லின் அளவு இரண்டு முதல் ஐந்து மில்லிமீட்டர், ஆழம் ஐந்து முதல் ஏழு சென்டிமீட்டர். வாங்குமுன் ஒரு பிடிக் கல்லில் வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது. ஆழ்குழாய் நீர் ஏற்கெனவே கடினமாக உள்ள வீட்டில் அந்தக் கல் வேண்டாம்.

வண்டல் சேரச் சில மாதமாகும். அதுவரை வேரில் உண்ணும் செடிகளுக்கு, மீன்தொட்டிக்கென்றே விற்கும் வேர்மாத்திரையைக் கல்லுக்குள் ஆழமாக அழுத்தி வைக்கலாம். வயலுக்குப் போடும் யூரியாவையும் டிஏபியையும் தொடக்கூடாது. கிளம்பும் அம்மோனியா மீனைக் கொன்றுவிடும். என்ன குறை என்பதை இலையே சொல்லும். பழைய இலை மஞ்சளித்தால் தழைச்சத்து போதவில்லை, பழைய இலையில் ஊசித்துளை விழுந்தால் பொட்டாசியம் போதவில்லை. நரம்பு மட்டும் பச்சையாக நின்று குருத்து வெளிறினால் இரும்பு.

நடும்போது வாலிஸ்னேரியாவின் வேர் மட்டும் கல்லுக்குள் போக வேண்டும், குருத்துக்கழுத்து வெளியே நிற்க வேண்டும். ஜாவா ஃபெர்னும் அனுபியாஸும் கிழங்குத்தண்டைப் புதைத்தால் அழுகிவிடும். அவற்றைக் கட்டையிலோ பெரிய கல்லிலோ நூலால் கட்டிவிட வேண்டும்.

இனிப் பொழுது. தமிழில் வேலம்பாசி என்னும் நீர்ச்செடியும் பாசி, கண்ணாடியில் படரும் பச்சைப் படலமும் பாசி. ஒரே பெயர் கொண்ட இந்த இருவரும் ஒரே பந்தியில் உட்காருகிறவர்கள். விளக்கு பன்னிரண்டு மணிநேரம் எரிந்தால் படலம் முந்திக்கொள்ளும். தொடக்கத்தில் ஆறு மணிநேரம் போதும், செடி வேகமாகத் தழைத்த பிறகு எட்டு. அணைக்க மறக்கிறவர் டைமர் மாட்டிவிடலாம். சன்னல் வெயில் தொட்டியில் நேராக விழக்கூடாது.

மருதத்தின் உரிப்பொருள் ஊடல். அதைத் தொட்டியில் காட்டுவது கிரிப்டோகரைன் என்னும் செடி. இலங்கையின் ஓடைக்கரைகளுக்கே உரிய வெண்ட்டி என்னும் இனம் நம் தொட்டிகளில் மிகுதி. இடம் மாற்றினாலோ தண்ணீர் மாறினாலோ சில நாளில் அதன் இலைகள் எல்லாம் கூழாகிக் கரைந்துவிடும். செத்துவிட்டது என்று பிடுங்கி எறிகிறார்கள். கல்லுக்கடியில் வேர் உயிரோடுதான் இருக்கிறது. கரைந்த இலைகளை மட்டும் எடுத்துவிட்டு, விளக்கின் நேரத்தையும் தண்ணீரையும் மாற்றாமல் காத்திருக்க வேண்டும். மூன்றாவது வாரமோ நான்காவது வாரமோ, இரண்டு கற்களுக்கு நடுவே சுருண்ட பழுப்புக் குருத்து ஒன்று தலைகாட்டும்.