உப்பளத்தில் பேய்க்கு வேலையில்லை

பேய்ப் படத்தில் முதலில் வருவது பேயல்ல. 'உண்மைச் சம்பவத்தைத் தழுவியது' என்ற வெள்ளை எழுத்து. 1974இல் வந்த 'டெக்சாஸ் செயின் சா மசாக்கர்' இப்படித்தான் நிஜக் கதை என்று சொல்லிக்கொண்டது. அதற்கு விதை போட்ட கொலைகாரன் எட் கீன் வாழ்ந்ததோ விஸ்கான்சினில். மரமறுக்கும் இயந்திரத்தை அவன் யார் மேலும் ஓட்டியதில்லை. ஊரும் தப்பு, ஆயுதமும் தப்பு. மீதியெல்லாம் சுத்த உண்மை.

நம்மூர் ஜான் டி மான்டியின் பாடு இன்னும் மோசம். சொத்தைத் திருச்சபைக்கு எழுதிவைத்துவிட்டு 1821இல் கண்மூடிய வணிகர். கோவளம் மாதா கோயிலில் அடக்கம். 2015இல் வந்த 'டிமான்ட்டி காலனி', ஒரு சங்கிலிக்காக ஆளைக் கொல்லும் கஞ்சப் பேயாக அவரை மாற்றிவிட்டது. மானநஷ்ட வழக்குப் போடலாமென்றால், ஆவியிடம் வக்காலத்தில் கையெழுத்து வாங்குவது எப்படி?

அந்தக் கோவளத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே, மரக்காணம் உப்பளங்களைத் தாண்டினால் அனுமந்தை. இந்தப் பக்கம் பேய்க்குப் பிழைப்பில்லை. உப்புப் பாத்தியில் ஒளிய ஒரு மரம் கிடையாது. வெள்ளைச் சேலையில் வந்து நின்றால் உப்புக் குவியல் என்று நினைத்துத் தார்ப்பாய் போட்டு மூடிவிடுவார்கள். வடகிழக்குப் பருவமழையில் பாத்தி முழுகி வேலை நின்றுபோகும். அந்த மாதங்களுக்கு உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு அரசு 2022இல் அறிவித்த நிவாரணம் 5,000 ரூபாய். இந்தப் பணத்தில் ஒரு குடும்பம் பிழைப்பதைக் கதையாகச் சொல்லிப் பாருங்கள். லாஜிக் இடிக்கிறது என்று தயாரிப்பாளர் எழுந்து போய்விடுவார்.