பன்னிரண்டு நல்லவர்களும் நான்கு ரசிகர்களும்

ரியாலிட்டி ஷோ என்றால் அதில் ஒருவர் அழ வேண்டும், ஒருவர் முறைக்க வேண்டும், ஒருவர் தனியறையில் கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்து மற்றவர்களைப் பற்றிப் புறணி பேச வேண்டும். சூப்பர் சிங்கரில் குழந்தை பாட ஆரம்பித்ததுமே கேமரா அம்மாவின் கண்ணைத் தேடிப் போகுமே, அந்தப் பயிற்சியில் வளர்ந்தவன் நான். அதனால் 2013-இல் ‘ஸ்ட்ரிப் சர்ச்’ பார்க்க உட்கார்ந்தபோது எனக்குப் பெரிய எதிர்பார்ப்புகள் இருந்தன. பன்னிரண்டு காமிக்ஸ் ஓவியர்களை ஒரே வீட்டில் தங்கவைத்து, ஒவ்வொருவராக வெளியே அனுப்பப் போகிறார்கள். கலைஞர்கள் வேறு. முதல் வாரமே மைப்புட்டி பறக்கும் என்று நம்பினேன்.

ஒன்றும் பறக்கவில்லை. ஒருவர் படத்தை இன்னொருவர் எட்டிப்பார்த்து, “அடடா, இந்தக் கோடு எவ்வளவு அழகாக இருக்கிறது!” என்றார்கள். ஒருவர் தோற்றால் தோற்கடித்தவரே கட்டிப்பிடித்து அழுதார். அழுகை என்னவோ இருந்தது. வந்த காரணம்தான் சரியில்லை.

வேலை நிமித்தமாக அப்போது நான் சியாட்டிலுக்குப் பக்கத்தில் ரெட்மண்டில் குடியிருந்தேன். அந்த வட்டாரத்துக் கம்ப்யூட்டர்க்காரர்கள் மத்தியில் ‘பென்னி ஆர்க்கேட்’ தெரியாது என்று சொல்லிவிட்டு நிம்மதியாகச் சாப்பிட முடியாது. 1998 முதல் இணையத்தில் வாரம் மூன்று முறை வரும் காமிக்ஸ் அது. மைக் க்ராஹூலிக் படம் போடுவார், ஜெரி ஹோல்கின்ஸ் எழுதுவார். வீடியோ கேம் பைத்தியங்களைப் பற்றி, வீடியோ கேம் பைத்தியங்கள், வீடியோ கேம் பைத்தியங்களுக்காகச் செய்வது. இதை வைத்து 2004-இல் பக்கத்து ஊரான பெல்வியூவில் ஒரு திருவிழா ஆரம்பித்து, பின்னால் அது சியாட்டில் மாநாட்டு மையத்தையே நிரப்பும் அளவுக்கு வளர்ந்துவிட்டது. 2012-இல் இந்த இருவரும் கிக்ஸ்டார்ட்டரில் ரசிகர்களிடம் கை நீட்டினார்கள். விளம்பரத்தைக் குறைத்துவிடுகிறோம், காசு கொடுங்கள் என்பதுதான் கோரிக்கை. 5 லட்சம் டாலருக்கு மேல் விழுந்தது. இவ்வளவு சேர்ந்தால் இதையும் செய்கிறோம் என்று அப்போது கொடுத்த வாக்குறுதிகளில் ஒன்றுதான் இந்த ஷோ.

ஆகவே இதன் ரசிகர்களை வெறும் ரசிகர்கள் என்று சொல்லிவிட முடியாது. எங்கள் அலுவலகத்து மதுரைக்காரர் அந்த வசூலில் 15 டாலர் போட்டிருந்தார். அன்றிலிருந்து ஏ.வி.எம். செட்டியார் தோரணைதான். “நம்ம ஷோல எடிட்டிங் கொஞ்சம் தொய்வா இருக்குண்ணே, சொல்லணும்” என்பார். யாரிடம் சொல்வார் என்று நான் கேட்டதில்லை.

மதியச் சாப்பாட்டு மேஜையில் நாங்கள் நான்கு பேர். மதுரைக்காரர். டெஸ்டிங்கில் இருந்த கோயமுத்தூர் அம்மணி. தொழில் காரணமாக எதைப் பார்த்தாலும் முதலில் குற்றம்தான் அவர் கண்ணில் படும். எனக்குப் பக்கத்துத் தடுப்பில் உட்காரும் ஒரு வயதான அமெரிக்கர். எங்களோடு சேர்ந்த பாவத்துக்கு எலுமிச்சை ஊறுகாய் வரை பழகிவிட்டவர். அப்புறம் நான். எங்களில் யாருக்கும் வட்டம் போட வராது. ஆனால் பன்னிரண்டு தொழில்முறை ஓவியர்களின் கோட்டுத் தரம், வசனச் சிக்கனம், நிழல் தீட்டும் முறை எல்லாவற்றையும் பற்றி எங்களிடம் தீர்மானமான கருத்துகள் இருந்தன. தயிர்சாதம் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, “அந்த மூன்றாவது கட்டத்தில் காம்போசிஷன் சரியில்லை” என்று சொல்வதில் ஒரு சுகம் இருக்கிறது. வேலை பார்க்காதவனுக்கு மட்டுமே கிடைக்கிற சுகம்.

ஷோவின் அமைப்பு சண்டை வரட்டும் என்றே செய்தது போலத்தான் இருந்தது. கனடாக்காரர் க்ரஹாம் ஸ்டார்க் தொகுத்து வழங்குவார். டி-ஷர்ட்டுக்குப் படம் வரை என்பது மாதிரி ஒரு போட்டி நடக்கும். அதில் ஜெயித்தவருக்குக் கிடைக்கிற பரிசுதான் விசேஷம்: வெளியேற்றச் சுற்றுக்குப் போகிற இரண்டு பேரை அவரே தேர்ந்தெடுத்து அனுப்ப வேண்டும். காலையில் கூட உட்கார்ந்து காப்பி குடித்தவர்களில் இரண்டு பேரைக் கைகாட்டு என்கிறார்கள். நம் சீரியல் எழுத்தாளர்கள் கையில் இந்த விதி கிடைத்திருந்தால் ஆறு வருஷம் ஓட்டியிருப்பார்கள். இவர்களோ ஜெயித்த சந்தோஷத்தையே மறந்து, “யாரை அனுப்புவேன், எல்லோரும் நல்லவர்களாயிற்றே” என்று தலையில் கை வைத்துக்கொண்டார்கள். அனுப்பப்பட்டவர்களும், “பரவாயில்லை, யாராவது போகத்தானே வேண்டும்” என்று அனுப்பியவரைத் தேற்றினார்கள்.

என் மனைவி எந்த எபிசோடையும் முழுதாகப் பார்த்ததில்லை. சமையலறையிலிருந்து கூடத்துக்கு வந்துபோகிற நேரத்தில் பார்த்தவரை போதும் அவளுக்கு. “இதென்ன, கல்யாண வீட்டுல பொண்ணனுப்புற மாதிரி ஆளாளுக்கு அழறாங்க? யாரு வில்லன்?” என்றாள். வில்லன் இல்லை என்றேன். “அப்ப எதுக்குப் பார்க்கறீங்க?”

நியாயமான கேள்வி. பதில் அந்த வெளியேற்றச் சுற்றில் இருந்தது. இரண்டு ஓவியர்கள், எதிரெதிர் மேஜை, 90 நிமிடம். கொடுத்த இரண்டு விஷயங்களைக் கோத்து ஒரு முழு ஸ்ட்ரிப் போட வேண்டும். மைக்கும் ஜெரியும் அதே அறையில் உட்கார்ந்து சாவகாசமாக அரட்டையடித்துக் கொண்டிருப்பார்கள். முடிந்ததும் இரண்டையும் வாசித்து ஒருவரை வீட்டுக்கு அனுப்புவார்கள். ஒருத்தர் குனிந்து படம் போடுவதைப் பார்ப்பதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். நிறைய இருந்தது. முதல் கால்மணி நேரம் வெற்றுத்தாளை வெறித்துப் பார்ப்பார்கள். கடிகாரம் ஓடும். பார்க்கிற நமக்கு வயிறு கலங்கும். பிறகு மெல்லிய பென்சிலில் ஏதோ கிறுக்கல் தெரியும், கிறுக்கலில் ஒரு மூக்கு முளைக்கும், மூக்கை அழிப்பார்கள், ‘ஐயோ நல்லாத்தானே இருந்தது’ என்று இந்தப் பக்கத்திலிருந்து நாம் கத்துவோம். சிரிப்பு கடைசிக் கட்டத்தில் வெடிக்க வேண்டுமென்றால் மூன்றாவது கட்டத்தில் எதை மறைக்க வேண்டும் என்று யோசிக்கிற முகத்தை முதல்முறையாக அங்கேதான் பார்த்தேன்.

சின்ன வயதில் முத்து காமிக்ஸில் இரும்புக்கை மாயாவியைப் படித்தபோது, அதை ஒரு மனிதர் உட்கார்ந்து வரைந்திருப்பார் என்றே எனக்குத் தோன்றியதில்லை. மழை மாதிரி அது பாட்டுக்கு வந்து விழுகிறது என்று நினைப்பு. அதை வரைந்தவர் ஹேசுஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பெயின்காரர் என்பதே எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரியும். மின்சாரம் பாய்ந்ததும் உடம்பு மறைந்து கை மட்டும் மிதக்குமே, அத்தனை கைகளையும் போட்ட அந்தக் கை எவ்வளவு வலித்திருக்கும்!

ஷோவில் இருந்தவர்கள் சண்டை போடாததால் அந்த வேலை எங்கள் தலையில் விழுந்தது. அதை நாங்கள் பொறுப்பாகச் செய்தோம். மதுரைக்காரர் ஆபி ஹோவர்டின் கட்சி. கல்லூரி மாணவி, பேய், பூதம், எலும்பு என்று கொடூரமாகவும் சிரிப்பாகவும் வரைகிற சின்னப்பெண். “பயப்பட வைக்கிறதும் சிரிக்க வைக்கிறதும் ஒரே கோட்டுல வருதுண்ணே” என்பார். கோயமுத்தூர் அம்மணி கேட்டி ரைஸ் கட்சி. அனிமேஷனில் பழுத்த கை. பாத்திரத்தின் புருவம் ஒன்று அசைந்தால் போதும், குணம் தெரிந்துவிடும். அமெரிக்கர், அறிவியலைக் காமிக்ஸாகப் போடும் மாக்கி நாரோ பக்கம். நான் எந்தக் கட்சியும் இல்லை என்றேன். அதனால் மூன்று பேருமே என்னை எதிர்க்கட்சி உளவாளியாகப் பார்த்தார்கள்.

நடுவராக வந்தவர்களில் ஒருவர் படம் போடுகிறவர், ஒருவர் எழுதுகிறவர் என்பது எங்கள் சண்டைக்குப் பெரிய வசதி. தீர்ப்பு பிடிக்காவிட்டால், “அது எழுத்தாளன் பார்வை, ஓவியன் பார்வையில் இது தப்பு” என்று சொல்லிவிடலாம். பிடித்திருந்தால், “இரண்டு பேரும் ஒத்துக்கொண்டார்கள் பாருங்கள்.”

ஒருநாள் அம்மணிதான் ஆரம்பித்தார்: “ஏனுங்க, இவ்வளவு பேசறோம். ஒருவாட்டி போட்டுத்தான் பார்க்கலாமுங்களே?” கூட்ட அறை ஒன்றைப் பதிவு செய்தோம். காரணம் கேட்கும் இடத்தில் மதுரைக்காரர் ‘டிசைன் ரிவ்யூ’ என்று போட்டார்; பொய் என்று சொல்ல முடியாது. மதியச் சாப்பாட்டுக்கு 90 நிமிடம் யாரும் தருவதில்லை என்பதால் நேரத்தைப் பாதியாக்கினோம். விஷயம் இரண்டு: ஒட்டகம், பல்வலி. அமெரிக்கர் நடுவர்.

என் ஒட்டகத்தை நான் முதலில் முதுகிலிருந்து ஆரம்பித்தேன். திமிலுக்கே ஒரு கட்டம் போய்விட்டதால் பல் வலிக்க வேண்டிய தலை அடுத்த கட்டத்துக்குத் தள்ளிப்போனது. அம்மணி ஒரு கட்டத்தைப் போட்டு, அதிலேயே பதினோரு பிழை கண்டுபிடித்து, எல்லாவற்றையும் அழித்து மறுபடி போட்டார். கடைசிவரை அந்த ஒரு கட்டம்தான். மதுரைக்காரர் மட்டும் நான்கு கட்டத்தையும் முடித்தார். ஆனால் படத்தை முழுதாக நிரப்பிவிட்டு அப்புறம் வசனத்துக்கு இடம் தேடினார். வசனக் குமிழிக்கு முதலிலேயே இடம் ஒதுக்கிவிட்டு மீதியில் ஆளை நிறுத்துவதுதான் தொழில் தெரிந்தவர்கள் வழக்கம். இவருடைய ஒட்டகம் பேசிய பேச்சு கட்டத்துக்கு வெளியே இறங்கி, தாளின் ஓரமாக நடந்து, பின்பக்கத்தில் முடிந்தது. இந்த நேரத்தில் மேலாளர் கதவைத் திறந்தார். மூன்று பொறியாளர்கள் நாக்கைக் கடித்துக்கொண்டு ஒட்டகம் வரைவதை ஒரு நிமிடம் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் சாத்திவிட்டுப் போனார். அமெரிக்கர் மூன்று தாளையும் நெடுநேரம் பார்த்துவிட்டு, “மூவருமே வெளியேற்றப்படுகிறீர்கள்” என்றார். இந்தத் தீர்ப்பையும் மதுரைக்காரர் ஏற்கவில்லை. கதை முடித்தது தான் ஒருவன்தான் என்று மாலை வரை வாதாடினார்.

கடைசிக்கு வந்தவர்களைப் பார்த்தால் எங்கள் மேஜைக்காகவே தேர்ந்தெடுத்த மாதிரி இருந்தது: ஆபி, கேட்டி, மாக்கி. ஜெயிப்பவருக்கு 15,000 டாலரும், பென்னி ஆர்க்கேட் அலுவலகத்தில் ஒரு வருஷம் உட்கார்ந்து தன் காமிக்ஸை வளர்க்கிற வாய்ப்பும். மூவரும் புதிதாக ஒரு தொடர் தயாரித்துக் காட்ட வேண்டும். பெற்றோர் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போன பிள்ளைகள் ஒரு முகாமில் தாங்களாகவே காலம் தள்ளுவதைப் பற்றிக் கேட்டி செய்த ‘கேம்ப் வீடோன்வாண்ட்சா’ ஜெயித்தது. அம்மணி அன்று சாப்பாட்டு மேஜைக்கு வந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும். வீட்டில் செய்த மைசூர்பாக்கு டப்பாவை மதுரைக்காரருக்கு முதலில் நீட்டினார். “எடுத்துக்கங்க, மனசு கஷ்டமா இருக்குமில்லீங்களா?”

மதுரைக்காரர் எடுத்துக்கொண்டார். மூன்று எடுத்துக்கொண்டார். ஆனால் தோல்வியை எடுத்துக்கொள்ளவில்லை. அதே வருஷம் ஆபி தன்னுடைய ‘தி லாஸ்ட் ஹாலோவீன்’ தொடரை நடத்த கிக்ஸ்டார்ட்டரில் ரசிகர்களிடம் உதவி கேட்டார். 1 லட்சம் டாலரையும் தாண்டிப் போனது வசூல். முதல் பரிசைப் போலப் பல மடங்கு. மதுரைக்காரர் இந்தக் கணக்கை ஒரு சீட்டில் எழுதி, அம்மணியின் மானிட்டரில் ஒட்டிவைத்தார். “பரிசு யார் வேணா கொடுப்பாங்க அக்கா, ஜனங்க கொடுக்கணும்!” இதிலும் அவருடைய 15 டாலர் இருந்தது.

இந்தப் பன்னிரண்டு பேரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்: வெளியேற்றப்பட்டவர்கள் யாரும் வெளியேறின மாதிரி தெரியவில்லை. எரிக்கா மோயன் அதே 2013-இல் ‘ஓ ஜாய் செக்ஸ் டாய்’ ஆரம்பித்து நன்றாகப் பெயர் வாங்கினார். அதைப் பற்றி மட்டும் சாப்பாட்டு மேஜையில் நாங்கள் விவாதிக்கவில்லை, அவரவர் சாம்பாரைப் பார்த்துக்கொண்டோம். ஏமி ஃபால்கோனை அனுப்பிவைத்த நடுவர் ஜெரியே, 2017-இல் தான் நடத்திய டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ் விளையாட்டு நிகழ்ச்சிக்கு அவரைக் கூட்டிவந்து பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

நான் ஊர் திரும்பி வெகுகாலமாகிவிட்டது. மேஜை கலைந்துபோய் வாட்ஸாப் குழுவாகச் சுருங்கிவிட்டது. அதிலும் பொங்கல் வாழ்த்து, பிள்ளைகளின் பட்டமளிப்புப் படம், அவ்வளவுதான். 2023-இல் ‘ஸ்லே த பிரின்சஸ்’ என்று ஒரு வீடியோ கேம் வந்து உலகமெல்லாம் பேச்சானது. அதன் அத்தனை சித்திரமும் பென்சில் கோடு. பார்த்ததும் எங்கேயோ பார்த்த கை என்று தோன்றியது. எனக்குத் தோன்றி முடிவதற்குள் குழுவில் மதுரைக்காரரின் செய்தி வந்து விழுந்தது: “பார்த்தீங்களாண்ணே? நம்ம ஆபி!”

அமெரிக்கர் ஒரு கட்டைவிரலைப் போட்டார். நானும் ஒன்று போட்டேன். அம்மணியிடமிருந்து கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு ஒரே வரி வந்தது: “நல்லதுங்க. 2013-ல ஜெயிச்சது யாருங்க?”

அன்றைக்கு ராத்திரி பதினோரு மணிக்கு மதுரைக்காரரிடமிருந்து பதில் வந்தது. நடுவர்கள் எந்தக் கட்டத்தில் தவறினார்கள் என்பதை எண் போட்டு விளக்கியிருந்தார். நாலாவது எண்ணில் என் பெயர் அடிபட்டது. அப்போதே நான் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் இந்தப் பிரச்சினை வந்திருக்காது என்பது அவர் வாதம். எப்படி என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை; ஐந்தாவது எண்ணில் விளக்குவதாகச் சொல்லியிருக்கிறார்.