ஏழே நாளில் சைக்கிளேட்ஸ் தீவுகளை முடிப்பது எப்படி?

ஏஜியன் கடலில் கிரேக்கத்துக்குச் சொந்தமான இந்தத் தீவுக் கூட்டத்தில் சிறிதும் பெரிதுமாக 200-க்கு மேல் உண்டு. ஆள் வசிப்பது இருபத்துச் சொச்சத்தில்தான். ஆகவே நாளுக்கொரு தீவு என்று தாராளமாகத் திட்டம் போடலாம்.

1. ஆகஸ்டில் போங்கள். ஏதென்ஸ் நகரமே அப்போது தீவுகளில்தான் இருக்கும். 15-ஆம் தேதி, மாதா திருநாளன்று டினோஸில் இறங்குங்கள். துறைமுகத்திலிருந்து மேட்டுக் கோயில்வரை பக்தர்கள் முழங்காலால் ஊர்ந்து போவார்கள். அவர்களுக்கென்று சாலையோரம் கம்பளம் விரித்திருக்கும். அதில் உங்கள் சக்கரப் பெட்டியை இழுத்துச் செல்லலாம். யாரும் அடிக்க மாட்டார்கள், பார்ப்பார்கள்.

2. கோடையில் வடக்கிலிருந்து மெல்டெமி என்றொரு காற்று வீசும். அது முற்றினால் கப்பல் கிளம்பாது. எனவே கடைசிக் கப்பல் பிரேயஸ் துறைமுகம் சேரும் அன்றைக்கே ஊர் திரும்பும் விமானத்துக்கும் டிக்கெட் போட்டுவிடுங்கள்.

3. சாண்டோரினியில் ஈயா ஊரின் இடிந்த கோட்டைமேல் மதியமே துண்டு போட்டு இடம் பிடியுங்கள். முன்னால் நிற்பவர் தூக்கிப் பிடித்த செல்போனில் சூரியன் மறைவது தெளிவாகத் தெரியும். அக்ரோதிரி பக்கம் போகாதீர்கள். ஏறத்தாழ 3,600 ஆண்டுகளுக்கு முன் எரிமலைச் சாம்பலில் புதைந்து, 1967 முதல் தோண்டியெடுக்கப்படும் ஊர் அது. மாடி வீடு, தெரு, சாக்கடை, தானியச் சாடி எல்லாம் இருக்கின்றன. சூரியன் மட்டும் கிடையாது, கூரை போட்டுவிட்டார்கள்.

4. காகிதத்தைக் கழிப்பறையில் போடாதீர், கூடையில் போடுக என்று எழுதியிருக்கும். குழாய்கள் குறுகல். போட்டுப் பாருங்கள், விடுதிக்காரரோடு நெருங்கிப் பழக இதைவிடச் சுருக்குவழி இல்லை.

5. நாக்சோஸில் உட்காரவே உட்காராதீர்கள். கட்டி முடிக்காத அப்போலோ கோயிலின் பளிங்கு வாசல் அங்கே 2,500 ஆண்டுகளாகத் தனியே நிற்கிறது. அதற்குப் படம் ஒன்று போதும். ஊர் உருளைக்கிழங்கு வறுவலும் கிராவியேரா பாலாடைக்கட்டியும் மேசைக்கு வந்துவிட்டால் மறுநாளும் அங்கேயே இருப்பீர்கள், திட்டம் பாழ்.

6. மிக்கோனோஸிலிருந்து அரைமணிப் படகில் டெலோஸ். அப்போலோ பிறந்த மண் என்பது ஐதீகம். கி.மு. 426-இல் ஏதென்ஸ்காரர்கள் அங்கிருந்த கல்லறைகளை எல்லாம் காலிசெய்து, இனி இங்கே பிறக்கவும் கூடாது, சாகவும் கூடாது என்று உத்தரவு போட்டார்கள். இன்றும் பயணிகள் இரவு தங்க முடியாது. உங்கள் அட்டவணைப்படி முடியக்கூடிய தீவு இது ஒன்றுதான், கடைசிப் படகில் அவர்களே ஏற்றிவிட்டுவிடுவார்கள்.