ஊட்டி போயும் மயிலாப்பூரிலேயே இருப்பது எப்படி?

குடும்பத் தலைவரே, கோடை விடுமுறைக்குக் கிளம்பிவிட்டீர்களா? மாட வீதியிலும் உஸ்மான் ரோட்டிலும் அடையாறு காந்தி நகரிலும் இந்தக் கலையில் தேர்ந்தவர்கள் ஏராளம். நீங்களும் ஓரளவு கை பழகியவர்தான். இனி முறைப்படி செய்யுங்கள்.

1. டிக்கெட்டை உடனே போடாதீர்கள். ரயில் முன்பதிவு 60 நாள் முன்பே திறக்கும். திறக்கட்டும். மச்சினருக்கு லீவு கிடைக்குமா, பாட்டிக்குக் கண் ஆபரேஷன் எப்போது என்று 59 நாள் பேசுங்கள். கிளம்புவதற்கு முந்தின நாள் காலை பத்து மணிக்கு ஏசி தட்கல் திறந்ததும், வீட்டிலுள்ள அத்தனை போனையும் ஒரே நேரத்தில் தட்டுங்கள். நீலகிரி எக்ஸ்பிரஸில் ஏழு பேருக்கு மூன்று பெட்டிகளில் இடம் கிடைக்கும். பாட்டிக்கு அப்பர் பெர்த்.

2. ஸ்வெட்டரை அக்னி நட்சத்திரத்தில் வாங்குங்கள். நடு மத்தியானம் ரங்கநாதன் தெருவுக்குள் நுழைந்து, குழந்தைக்கு குரங்கு குல்லாய் மாட்டி, அளவு சரியா என்று நிதானமாகப் பாருங்கள்.

3. சாப்பாட்டில் சமரசம் வேண்டாம். மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, புளியோதரை, வழியில் புளிக்காமலிருக்கப் பால் விட்டுப் பிசைந்த தயிர் சாதம், தொட்டுக்கொள்ள நார்த்தங்காய். இதெல்லாம் ரயிலுக்கு மட்டும். ஊட்டிக்குத் தனியாகப் புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, அப்பளம், ஃபில்டர், காபிப்பொடி, விடுதிக்காரர் கண்ணில் படாமல் துண்டில் சுற்றிய எலக்ட்ரிக் குக்கர். வீட்டம்மா முந்தின இரவு பன்னிரண்டு மணி வரை அடுப்படியில் நிற்கட்டும். நீங்கள் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்த்து, "இவ்வளவு எதுக்கு?" என்று கேட்டால் போதும்.

இந்த இடத்தில் ஒரு வெள்ளைக்காரர் செய்த பிழையைச் சொல்லியாக வேண்டும். அந்தக் காலத்தில் பிரிட்டனின் கடற்கரை விடுதிகளில் காலைச் சாப்பாடு முடிந்ததும் குடும்பங்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திவிடுவார்கள், மழை பெய்தாலும். அதைப் பார்த்த பில்லி பட்லின் 1936-ல் இங்கிலாந்தின் ஸ்கெக்னஸில் விடுமுறை முகாம் திறந்தார். குடும்பத்துக்கு ஒரு சிறு அறை, மூன்று வேளைச் சாப்பாடு, ஆட்டம் பாட்டம் எல்லாம் ஒரே கட்டணத்தில். ஒரு வாரச் சம்பளத்துக்கு ஒரு வார விடுமுறை என்பது விளம்பரம். பெற்றோர் ராத்திரி நடனம் ஆடப் போனால், அறைகளின் பக்கம் ரோந்து போகும் ஊழியர்கள் எந்த அறையில் குழந்தை அழுகிறது என்று தகவல் அனுப்புவார்கள். அம்மாக்களுக்குச் சமையலும் இல்லை, தூளிப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் வேலையும் இல்லை! ஓய்வு கொடுத்துப் பழக்கினால் என்ன ஆகும்? மலிவு விலை விமான டூர் வந்ததும் குடும்பம் குடும்பமாக ஸ்பெயினுக்குப் பறந்துவிட்டார்கள். பட்லின் பெயரில் இன்று மூன்று முகாம்கள்தான் மிச்சம்.

பிரெஞ்சுக்காரர்கள் இன்னும் மோசம். பிள்ளைகளைத் தனியாகவே கோடை முகாமுக்கு அனுப்பிவிடுவார்கள். நம் பையனை அப்படி அனுப்பினால் அவன் பின்னால் தட்டைத் தூக்கிக்கொண்டு யார் ஓடுவது?

4. மலை ரயிலைத் தவிர்த்துவிடுங்கள். 1908-லிருந்து ஊட்டி வரை ஓடுகிறது, யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது, எல்லாம் சரி. 46 கிலோமீட்டருக்குச் சுமார் ஐந்து மணி நேரம் ஜன்னலோரம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். வீட்டம்மாவுக்கு அது பிடித்துப்போகும் அபாயம் உண்டு. வேன் எடுங்கள். 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் வேண்டும். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டி, சனி ஞாயிறுகளில் 8,000 என்று வரம்பும் வந்தது. ஆகவே ஞாயிற்றுக்கிழமை போங்கள். பாஸ் எடுக்கவில்லை என்பது சோதனைச் சாவடி வரிசையில் நினைவுக்கு வந்தால் போதும். "நீ எடுத்திருப்பேன்னு நினைச்சேன்" என்று மனைவியிடம் சொல்லுங்கள்.

5. அந்தக் காலத்து பட்லின் முகாமில் காலையில் ஒலிபெருக்கி எழுப்பிவிடும். சிவப்புக் கோட்டு ஊழியர்கள் ஆளை இழுத்து விளையாட வைப்பார்கள். இங்கே இரண்டு வேலைக்கும் நீங்களே போதும். ஐந்தரைக்கு விளக்கைப் போடுங்கள். தாவரவியல் பூங்கா, ஏரி, ரோஜாத் தோட்டம், தொட்டபெட்டா, பைக்காரா எல்லாம் ஒரே நாளில். யாராவது புல்வெளியில் உட்கார்ந்தால் கைக்கடிகாரத்தைக் காட்டுங்கள்.

6. ஏரிக்கரையில் உங்கள் தெருக்காரர் ஒருவர் நிச்சயம் நிற்பார். அறை வாடகை எவ்வளவு என்று கேளுங்கள். அவர் கொடுத்தது குறைவு என்றால் மீதி நாட்களுக்குப் பேச விஷயம் கிடைத்துவிட்டது.

7. அடுத்த வருஷம் ஸ்விட்சர்லாந்து போகலாம் என்று பேச்சு எழும். சமையல்காரரையும் கூடவே அழைத்துப் போகும் டூர்கள் இருக்கின்றன, ஆல்ப்ஸ் அடிவாரத்தில் சுடச்சுட ரசம் ஊற்றுவார்கள். வீட்டம்மாவின் முகம் மலரும். விலையைச் சொல்லி உடனே மறுத்துவிடுங்கள்.

8. விடியற்காலை சென்ட்ரலில் இறங்கி, ஆட்டோக்காரரோடு பேரம் பேசி வீடு சேருங்கள். "என்ன இருந்தாலும் நம்ம வீடு மாதிரி வருமா!" என்று சோபாவில் சாய்ந்து காபி கேளுங்கள். பால் இருக்காது. பால்காரரிடம் முன்கூட்டியே ஏன் சொல்லி வைக்கவில்லை என்று விசாரியுங்கள்.